கரப்பான் உள்ள குழந்தைக்குக் கடலை: தள்ளிப்போடலாமா, சீக்கிரம் கொடுக்கலாமா?

அக்கா மகளின் குழந்தைக்கு அப்போது ஐந்தரை மாதம். கன்னம் இரண்டும் சிவந்து பொரிந்திருந்தன. முழங்கை மடிப்பில் தோல் தடித்துச் சொரசொரவென்று இருந்தது. எக்ஸிமா என்கிற கரப்பான். ராத்திரி முழுக்கத் தலையைத் துணியில் தேய்த்துத் தேய்த்து அழுதான். ஆறு மாதம் முடிந்ததும் என்னென்ன கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது வீடு இரண்டாகப் பிரிந்தது. "கடலை கரப்பான் பண்டம் ஆச்சே சம்பந்தி, குடுத்தா சொறி இன்னும் ஏறிடுமே" என்றார் அவளுடைய மாமியார். குழந்தை மருத்துவரோ, பின்னால் ஒவ்வாமை (அலர்ஜி) வராமல் இருக்க, ஆறு மாதத்திலேயே நிலக்கடலையும் முட்டையும் தொடங்கச் சொல்லியிருந்தார். "நான் யாரு பேச்சைக் கேக்கறது சித்தி?" என்று போனில் கேட்டாள்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம், கடலை விளைகிற பூமி. டிஎம்வி என்று தொடங்கும் கடலை ரகங்களெல்லாம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியவை. களத்தில் கடலை காயும், வீட்டில் செக்கெண்ணெய் மணக்கும், ஆனால் கைக்குழந்தைக்கு மட்டும் அது ஆகாது. இத்தனை வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். "மஞ்சள் கரு எட்டாம் மாசம், வெள்ளைக் கரு ஒரு வயசு முடிஞ்சு" என்று எத்தனை திண்ணையில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டை அக்கா மகளுக்காக மட்டும் எழுதவில்லை. நான் அப்படிச் சொல்லிவிட்டு வந்த தாய்மார்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

தள்ளிப்போடுவது

தள்ளிப்போடச் சொன்னவர்கள் நம் பாட்டிகள் மட்டும் அல்ல. 1998இல் பிரிட்டன் அரசின் ஆலோசனையே அதுதான்: குடும்பத்தில் ஒவ்வாமை இருந்தால் குழந்தைக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம். 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி இன்னும் விரிவாகச் சொன்னது. ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைக்குப் பசும்பால் ஒரு வயதுக்குப் பிறகு, முட்டை இரண்டு வயதுக்குப் பிறகு, கடலையும் கொட்டைகளும் மீனும் மூன்று வயதுக்குப் பிறகு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிஞ்சு வயிறு, பக்குவம் வரட்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

தள்ளிப்போட்ட நாடுகளில் கடலை ஒவ்வாமை குறையவில்லை, கூடியது. லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த கிடியோன் லாக் என்ற குழந்தை மருத்துவரும் உடனிருந்தவர்களும் 2008இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வம்சாவளி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பிரிட்டனில் 1.85 சதவீதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது, இஸ்ரேலில் 0.17 சதவீதம்தான். ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். இஸ்ரேலில் பல் முளைக்கிற வயதிலேயே 'பாம்பா' என்ற கடலைப் பொரியைக் குழந்தை கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாயில் வைத்ததும் கரைந்துவிடும் பண்டம் அது. பிரிட்டனில் அப்போது அதே வயதில் கடலை வாசனையே காட்டியதில்லை. அந்த 2008ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அகாடமி தன் பழைய ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தள்ளிப்போடுவதால் பயன் இருக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

முட்டையில் நான் சொன்ன முறையும் இதே வகைதான். ஒவ்வாமை தருகிற புரதங்களில் பெரும்பகுதி வெள்ளைக் கருவில்தான் இருக்கிறது. மஞ்சளை மட்டும் ஊட்டிவிட்டு வெள்ளையை ஒதுக்கினால், குழந்தையின் உடம்புக்கு எது பழக வேண்டுமோ அதைத்தான் ஒதுக்குகிறோம்.

சீக்கிரம் கொடுப்பது

2008 ஒப்பீடு ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது, அவ்வளவுதான். அதைச் சோதித்துப் பார்த்தது 'லீப்' என்ற ஆய்வு. 2015இல் முடிவு வந்தது. நான்கு மாதம் முதல் பதினொரு மாதத்துக்குள் இருந்த 640 குழந்தைகள். எல்லோருக்கும் கடுமையான கரப்பான், அல்லது முட்டை ஒவ்வாமை, அல்லது இரண்டுமே. அதாவது நம் வீட்டில் "இதுக்குக் கடலையைக் கண்ணுலயே காட்டாதே" என்று சொல்கிற அதே குழந்தைகள். பாதிப் பேருக்கு வாரம் மூன்று முறையாவது கடலை உணவு, மொத்தம் 6 கிராம் கடலைப் புரதம். மீதிப் பேருக்கு ஐந்து வயது வரை கடலையே கிடையாது.

ஐந்து வயதில் பரிசோதித்தபோது, ஒதுக்கிய பிள்ளைகளில் 17.2 சதவீதத்துக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்ட பிள்ளைகளில் 3.2 சதவீதம். தொடக்கத்திலேயே தோல் பரிசோதனையில் (கடலைச் சாற்றைத் தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது) லேசாகத் தடிப்புக் காட்டிய குழந்தைகளில் கூட 35.3 சதவீதம் 10.6 ஆகக் குறைந்தது. பிறகு ஓர் ஆண்டு கடலையே கொடுக்காமல் நிறுத்திப் பார்த்தார்கள், பாதுகாப்பு போகவில்லை. அதே பிள்ளைகளைப் பதின்வயதில் மறுபடி பார்த்து 2024இல் வெளியிட்டார்கள்: 15.4 சதவீதத்துக்கு எதிராக 4.4.

ஆய்வுக்கு வெளியே, சாதாரண வீடுகளில் இது பலிக்கிறதா? அமெரிக்காவில் 2017இல் புதிய வழிகாட்டுதல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் சின்னக் குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட கடலை ஒவ்வாமையை ஒப்பிட்டு 2025இல் ஓர் ஆய்வு வந்தது. 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒரு கைப்பிடிக் கடலை.

முட்டையில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜப்பானில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியைத் துளியளவில் தொடங்கினார்கள், கூடவே தோலுக்கும் நன்றாக மருத்துவம் செய்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை 38 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2017இல் வந்த ஆய்வு இது. ஆனால் வேகாத முட்டைப் பொடியைக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்விலும் ஜெர்மானிய ஆய்விலும் பல குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே ஒவ்வாமை கிளம்பியது. ஆகவே அரைவேக்காடு வேண்டாம், ஆஃப்பாயில் வேண்டவே வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை அவித்து, மசித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

கரப்பான் பண்டம் என்ற சொல்

எங்கள் பக்கத்தில் கத்தரிக்காய், கருவாடு, கடலை மூன்றையும் கரப்பான் பண்டம் என்போம். சொறி சிரங்கு வந்தவருக்கு இவை ஆகாது. குழந்தைக்குக் கரப்பான் என்றால் பால் கொடுக்கிற தாய்க்கும் பத்தியம். இதை மூடநம்பிக்கை என்று தூக்கி எறிய எனக்கு மனம் வராது. தோலுக்கும் உணவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் மாறிப்போயிற்று. கடலை சாப்பிட்டுக் கரப்பான் வருவதைவிட, கரப்பானால் உடைந்த தோல் வழியாகக் கடலை உடம்புக்குள் நுழைந்து, அதனால் ஒவ்வாமை உருவாவதுதான் பெரிய சிக்கல் என்று இப்போது தெரிகிறது. கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை பிரிட்டனில் 2003லேயே கண்டார்கள்.

இதைச் சம்பந்தியிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "வாசல் வழியா வந்தா வாங்கன்னு சொல்லி உக்கார வைக்கிறோம். அதே ஆளு ராத்திரில ஓட்டைப் பிரிச்சுக்கிட்டு எறங்குனா திருடன்னுதானே அடிப்போம்? வாயிதான் வாசல். தோலு ஓடு." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப எண்ணெய் தேய்க்கிறது?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி.

நம் குழந்தை வளர்ப்பில் தோலில் படுகிற உணவு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். செக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பயத்தமாவு, கடலைமாவு, பால், சில வீட்டில் பாதாம். நல்ல தோலுள்ள குழந்தைக்கு இவற்றால் கெடுதல் என்று சொல்ல நம் ஊரில் செய்த ஆய்வு எதையும் நான் கையில் வைத்திருக்கவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் தோல் வெடித்து நீர் கசிகிற குழந்தைக்குப் பயத்தமாவைத் தேய்த்து ஊற்றுவதையும் செக்குக் கடலை எண்ணெயை நீவுவதையும் நான் நிறுத்தச் சொல்வேன். செக்கெண்ணெயில் விதையின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். கடலை உடைத்த கையோடு குழந்தைக்குக் களிம்பு பூசுவதும் வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொட வேண்டும்.

அப்படியானால் பிறந்த நாளிலிருந்தே ஈரப்பதக் களிம்பு பூசித் தோலைக் காத்துவிட்டால் போதாதா? அந்த வழியையும் சோதித்துவிட்டார்கள். பிரிட்டனில் 1,394 பச்சிளங்குழந்தைகளை வைத்துச் செய்த 'பீப்' ஆய்வில் கரப்பானும் குறையவில்லை, உணவு ஒவ்வாமையும் குறையவில்லை. தோல் தொற்றுதான் கொஞ்சம் கூடியது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஒரே ஆய்வில் இரண்டு வழிகளையும் வைத்துப் பார்த்தார்கள். களிம்புக் குளியல் மட்டும் பெற்ற குழந்தைகளுக்குப் பலன் இல்லை. மூன்று மாதம் முதல் கடலை, பால், கோதுமை, முட்டை ஆகியவற்றைத் துளித்துளியாகச் சுவைத்த குழந்தைகளிடம் மூன்று வயதில் ஒவ்வாமை தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட கரப்பானுக்கு மருத்துவம் செய்யாமல் விடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கிற ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து ஒளித்து வைக்கிற வீடுகள் பல. சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசித் தோலை ஆற்றிவிட வேண்டும், அது உணவுக்கு முந்திய வேலை.

முதலில் பரிசோதனை, பிறகு உணவு?

படித்த பெற்றோர் பலர் தேர்ந்தெடுக்கிற வழி இது. ரத்தம் கொடுத்து நூறு உணவுக்கு அட்டவணை வாங்கிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, காரணம் சொல்கிறேன். பரிசோதனை காட்டுவது உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறதா என்பதை. சாப்பிட்டால் உண்மையில் ஒவ்வாமை வருமா என்பது வேறு. இந்தியாவில் இந்த இடைவெளி மிகப் பெரியது. கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2020இல் வெளிவந்த ஆய்வில், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணித்தது 0.14 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிர்வினை காட்டியவர்கள் அதைவிடப் பல மடங்கு. அப்படியொரு அட்டவணை கைக்கு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? சிவப்பு எழுத்தில் இருக்கிற பருப்பு, கோதுமை, முட்டை, பால் எல்லாம் நின்றுபோகும். சும்மா இருந்த குழந்தைக்குச் சத்தும் போகும், பழகுகிற வாய்ப்பும் போகும். நான் பணியில் இருந்தபோது அப்படி ஒரு காகிதத்தால் ஒன்றரை வயது வரை அரிசிக் கஞ்சியிலும் கூழிலும் வளர்ந்த குழந்தையை எடை போட்டிருக்கிறேன். தராசு முள் நின்ற இடம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

பரிசோதனை தேவைப்படுகிற குழந்தைகள் உண்டு. உடம்பு முழுக்கக் கடுமையான கரப்பான், மருந்துக்கும் அடங்காதது, அல்லது முட்டை சாப்பிட்டு ஏற்கெனவே உதடு வீங்கிய குழந்தை. அமெரிக்க வழிகாட்டுதல் இவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பரிசோதித்து, முடிந்தால் மருத்துவமனையிலேயே முதல் வாய் கொடுக்கச் சொல்கிறது. இலேசான, நடுத்தரக் கரப்பான் என்றால் ஆறு மாத வாக்கில் வீட்டிலேயே தொடங்கலாம். கரப்பானே இல்லாத குழந்தைக்கு வீட்டுச் சாப்பாட்டோடு சாப்பாடாக. எனக்கு இந்தப் பிரிவினை பிடிக்கிறது, ஏனென்றால் தாய் தன் கண்ணாலேயே பாதி முடிவை எடுத்துவிட முடிகிறது: குழந்தையின் தோலைப் பார்த்தால் போதும்.

நான்கு மாதமா, ஆறு மாதமா என்ற சண்டைக்கும் இதுவே பதில் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தேன், இன்றும் சொல்கிறேன். பிரிட்டனில் மூன்று மாதத்திலேயே ஆறு உணவுகளைத் தொடங்கிப் பார்த்த 'ஈட்' ஆய்வில் தாய்ப்பால் குடிப்பது குறையவில்லை என்பது ஆறுதல். ஆனால் அத்தனையையும் சொன்ன அளவில் ஊட்டி முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஒழுங்காக ஊட்டிய வீடுகளில் ஒவ்வாமை 7.3 சதவீதத்துக்கு 2.4 எனக் குறைந்தது, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் மங்கிவிட்டது. தமிழ்நாட்டில் நல்ல தோலோடு வளர்கிற குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து தொடங்கினால் போதும், அதற்குமேல் தள்ளக் கூடாது. மெல்பர்னில் இருக்கிற நம் பிள்ளைகள் கணக்கு வேறு. அங்கே ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஏதாவது உணவு ஒவ்வாமை இருந்ததை 2011இல் கண்டார்கள். ஆசியாவில் பிறந்து அங்கே குடியேறிய பிள்ளைகளைவிட, ஆசியத் தாய்மாருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் கடலை, கொட்டை ஒவ்வாமை அதிகம். "நம்ம வம்சத்துல இல்லை" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தாய் கடலை, முட்டை, மீனை ஒதுக்குவதால் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பதற்குச் சான்று இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் மெலியும், அவ்வளவுதான். புரதத்தை உடைத்துச் செய்த விலையுயர்ந்த பால்மாவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதும் நிற்கவில்லை. எல்லா உணவையும் கலந்து விற்கிற பொடிப் பொட்டலங்களில் ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வாரம் 6 கிராம் கொடுத்த லீப் ஆய்வோடு வைத்துப் பாருங்கள். அடுக்களையில் இருப்பதே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் செய்தது

முதல் இரண்டு வாரம் களிம்பு மட்டும். தோல் ஆறி, மருத்துவர் பார்த்து, கடுமையான வகை இல்லை, வீட்டிலேயே கொடுக்கலாம் என்றார். கடலையைச் சம்பந்தியே பொறுக்கினார். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் தள்ளினார். இந்த வேலையை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம், பூசணக் கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். வறுத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, சலித்தோம். முழுக்கடலையோ உடைத்த கடலையோ ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். கெட்டிக் கடலை வெண்ணெயும் அப்படியே கரண்டியில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் ஒட்டும்.

2 கிராம் புரதத்துக்குச் சுமார் 8 கிராம் கடலை வேண்டும். நம் ஊர்ச் சிறு கடலை என்றால் பதினைந்து இருபது பருப்பு. அதை வாரத்தில் மூன்று நாள் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். காய்ச்சல், சளி இல்லாத ஒரு நாள் காலை பத்து மணிக்கு, இரண்டு பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, வெந்நீரில் தளரக் கரைத்த கடலைப்பொடியைக் கரண்டி நுனியில் வைத்தாள் அக்கா மகள். அவன் முகத்தைச் சுளித்தான், நாக்கால் தள்ளினான், மறுபடி சப்பினான். பத்து நிமிடம் காத்திருந்தோம். யாரும் பேசவில்லை. பிறகு மீதியை மெதுவாக ஊட்டினாள். இரண்டு மணி நேரம் அவனை விட்டு யாரும் நகரவில்லை. வாயைச் சுற்றி உணவு பட்ட இடத்தில் லேசாகச் சிவப்பது பெரும்பாலும் தொட்டதால் வருவது. உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பினாலோ, உதடு கண் வீங்கினாலோ உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு இரைந்தாலோ, குழந்தை துவண்டாலோ 108ஐ அழைக்க வேண்டும். அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி, அதற்குப் பதிலாகக் கைவைத்தியம் பார்த்து நேரத்தை விடக் கூடாது.

ஒன்றும் ஆகவில்லை. அன்று மதியம் நன்றாகத் தூங்கினான்.

ஒரு முறை கொடுத்துச் சரியாகப் போய்விட்டால் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து கொடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. லீப் ஆய்வில் ஐந்து வயது வரை வாராவாரம் கொடுத்தார்கள். அதனால் தினசரி நாட்காட்டியில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்றிலும் சம்பந்தி மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறார். கேழ்வரகுக் கூழில் ஒரு நாள், பருப்புச் சோற்றில் ஒரு நாள், மசித்த வாழைப்பழத்தில் ஒரு நாள். வருகிற திங்கட்கிழமை முட்டை தொடங்குகிறோம். பன்னிரண்டு நிமிடம் அவிக்க வேண்டும் என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியாயிற்று.